ஃபேனுக்கு எதிரே போட்ட நாற்காலி

என் சபியா,

நீ படிக்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். புள்ளியியல் படித்தவள் செய்கிற காரியமா இது என்று கேட்பாய். நம் நிறுவனத்துக்கு நான் எழுதிய எத்தனையோ கடிதங்களுக்குப் பதில் வந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் இதையும் எழுதிவிடலாம்.

முதலில் ஊர் சேதி. கும்மிடிப்பூண்டி லோக்கல் இன்னமும் அதன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. வள்ளூரில் புது மின்நிலையத்துக்கு வேலை நடக்கிறது, ரயிலில் இருந்தே கிரேன்கள் தெரிகின்றன. சிப்காட் ரோட்டில் நாம் டீ குடிக்கும் கடையைச் செல்போன் கடையாக்கிவிட்டார்கள். உன் மகள் ஃபரீதா நன்றாக இருக்கிறாள். கணக்குப் பாடத்தில் மட்டும் வாங்குகிற மார்க்கைச் சொல்லமாட்டேன் என்கிறாள். நானும் கேட்டு வைப்பதில்லை.

நீயும் நானும் தொடங்கிய பயிற்சி இந்த வருஷமும் நடந்தது. பருவநிலை மாற்றமும் நகர்ப்புற மக்களின் உடல்நலமும் என்று அதற்கு நிறுவனம் வைத்த பெயர் பேனரில் இரண்டு வரிக்கு ஓடுகிறது. படிப்பை முடித்த கையோடு வருகிற இளம் டாக்டர்கள், புள்ளியியல்காரர்கள், சமூகப்பணி படித்தவர்கள். ஏறிக்கொண்டே போகும் வெயில் நம் மாதிரி தொழிற்பேட்டை ஊர்களில் மனுஷ உடம்பை என்ன செய்கிறது என்று அளக்கக் கற்றுக்கொடுக்கிறோம். லைன் வீட்டு ஜனங்கள் நமக்கு வைத்த பெயர் 'வெயில் கணக்கு எடுக்கறவங்க'. உனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். பேனரிலும் அதையே போடலாம் என்று ஒரு கூட்டத்தில் சொல்லி, தலைவர் முகம் போன போக்கை வீடு வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

நீ இல்லாமல் நடந்த முதல் பேட்ச் இது. டாக்டர் பாடம் எடுக்க வேறு ஒருவரை அனுப்பினார்கள். நல்ல மனிதர்தான். படம் போட்டுக் காட்டி, நேரத்துக்கு முடித்து, மதிய வண்டியைப் பிடித்துவிடுவார். உன் டம்ளர் விதியை மட்டும் நானே சொல்ல வேண்டியிருந்தது.

அந்த விதிக்காக நாம் போட்ட சண்டையை நினைத்துக்கொண்டேன். முதல் பேட்ச்சில் நீ பிள்ளைகளிடம் சொன்னாய். "எந்த ஊட்டுக்குப் போனாலும் டீ குடுப்பாங்க. வேணான்னு சொல்லாதீங்க. குடிச்சுட்டு டம்ளர நீங்களே உள்ள எடுத்துகினு போய்க் கழுவி வையுங்க. அடுப்படி இன்னா சூடு, யாரு உள்ள படுத்துகினு இருக்காங்க, அதெல்லாம் அப்பதான் தெரியும்." வந்தவர்களை எல்லோரும் வாசற்பக்கம் காற்று வருகிற இடத்தில்தான் உட்கார வைப்பார்கள், அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தால் பாதி வீடு தெரியாமல் போகும் என்பது உன் கணக்கு. சரியான கணக்கு.

வகுப்பு முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நான் சொன்னேன். "எங்கப்பா எங்க ஊரு டீக்கடையில குடிச்ச கிளாஸ கழுவி வெச்சுட்டுதான் வருவாரு. ஆசையாவா கழுவினாரு? எங்க ஆளுங்களுக்குன்னு தனி கிளாஸ், தனி எடம். சிப்காட்ல வேலை கெடச்ச பிறகுதான் அது நின்னுச்சு. என் கண்ணு முன்னாடி யாரையும் டம்ளர் கழுவச் சொல்லாத சபியா."

பழவேற்காட்டில் கடை கண்ணி என்று இருந்த வியாபாரக் குடும்பம் உன்னுடையது, உனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. பொன்னேரியில் இறங்கும்போது வழக்கமாகச் சொல்லும் 'வரேன்'கூடச் சொல்லாமல் இறங்கினாய். எனக்குக் கோபம் ஆறவில்லை, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. மறுநாள் காலையில் வகுப்பில் நின்று சொன்னாய். "நேத்து சொன்னது தப்பு. யாரும் கழுவ வேணாம். டம்ளர கையில எடுத்துகினு போய் அந்த அம்மா கையில குடுங்க. குடுத்துட்டு கொஞ்ச நேரம் அங்கியே நில்லுங்க." காரணம் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு உன் வீட்டில் ஒரு நாளும் நான் டம்ளரைத் தூக்கியதில்லை. குடித்து முடிப்பதற்குள் உன் உம்மாவோ ஃபரீதாவோ கையில் இருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நீ சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் விட்டேன், சுகமாகத்தான் இருந்தது.

இந்த வருஷக் கதைக்கு வருகிறேன். நம் திட்டத்தில் சிப்காட் பின்பக்கம் ஒரே ஒரு வரிசை வீடுகளுக்குக் கூரை மேல் வெள்ளைப் பூச்சு பூசிப் பார்க்க அனுமதி கிடைத்தது. போட்டிக்கு இரண்டு வரிசைகள். ஒன்று ஓட்டுக் கூரை, இன்னொன்று ஷீட் கூரை. எந்த வரிசை அதிகம் கொதிக்கிறது என்று பிள்ளைகள் அளந்து சொல்ல வேண்டும், குழு முடிவு செய்யும். சூட்டைத் தானாகவே பதிந்துகொள்ளும் அந்தச் சின்னப் பெட்டிகளை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தேன்.

ஷீட் வரிசை தேன்மொழிக்குப் போனது. நீ பார்த்திராத பெண். ஊர் மணவாள நகர். விடியற்காலையில் கிளம்பிப் பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறி வருவாள். அதிர்ந்து பேசமாட்டாள். ஓட்டு வரிசை பிரதீப்புக்கு. சென்னைப் பையன், கெட்டிக்காரன், செருப்பை எங்கே கழற்றுவது என்பது மட்டும் தெரியாது.

அளவுகள் வந்தன. கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஓட்டு வீடுகள் கொதிக்கின்றன. ஷீட் வீடுகள் இதமாக இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி மே மாசத்தில், தகர ஷீட்டுக்குக் கீழே, இதம். குழுத் தலைவரிடம் சந்தேகத்தைச் சொன்னேன். "கருவியே சொல்லுது மேடம், அப்புறம் நம்ம அபிப்பிராயம் எதுக்கு? ஓட்டு வரிசைக்கே எழுதிடலாம்" என்றார்.

எழுதியிருந்தால் ஷீட் வரிசைக்குக் கூரை கிடைக்காது. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அந்த வீடுகளில் சூடு இல்லை என்று எழுத்தில் ஏறிவிடும், பிறகு யார் போய் எதைக் கேட்டாலும் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவார்கள். நீ இருந்தால் மேஜையைத் தட்டியிருப்பாய். எனக்குத் தட்ட வராது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன், முனகிக்கொண்டே கொடுத்தார்.

தேன்மொழியைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டேன். "டம்ளர உள்ள எடுத்துகினு போனியா?"

அவள் தரையைப் பார்த்தாள். "உடமாட்டேங்கறாங்க மேடம். ஏந்திரிச்சா கையைப் புடிச்சு உக்கார வெக்கறாங்க. ஃபேன வேற என் பக்கமே திருப்பி வெச்சுடறாங்க."

"பெட்டிய எங்க மாட்டின?"

"நான் மாட்டல மேடம். அவுங்க ஊட்ல எங்க ஆணி அடிக்கறதுன்னு நான் எப்டி சொல்றது? நல்ல எடமா பாத்து மாட்டிக்குங்கன்னு குடுத்துட்டேன்."

இதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மறுநாள் நானும் அவளோடு போனேன். முதல் வீடு குமாரியுடையது. கணவன் ரோலிங் மில்லில் நைட் ஷிஃப்ட், கைக்குழந்தை ஒன்று. நல்ல இடமாகப் பார்த்துத்தான் மாட்டியிருந்தாள். வாசற்படிக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே, டேபிள் ஃபேன் முழுசாக வீசுகிற இடத்தில் பெட்டி தொங்கியது. மேலே ஒரு ஈரத்துணி வேறு போர்த்தியிருந்தது.

"இன்னாத்துக்கு குமாரி துணி?" என்றேன்.

"மெஷினாச்சே மேடம், சூடாயிடாதா? காஞ்சு போச்சுன்னா நனைச்சு நனைச்சுப் போடுவேன். பக்கத்து ஊட்டு புள்ளைங்க கைகூட பட உடல, பத்திரமா வெச்சிருக்கேன்" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. வரிசை முழுக்க இதே கதை. வீட்டுக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு எதிரே ஃபேன், அந்தக் காற்றில் நம் பெட்டி. வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற இடத்தைப் பெட்டிக்கும் கொடுத்துவிட்டார்கள். தேன்மொழிக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, அவள் வீட்டிலும் அங்கேதான் மாட்டியிருப்பார்கள். யாரைக் குறை சொல்வது?

டீ வந்தது. குடித்தோம். தேன்மொழி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "குடு கண்ணு, நீ உக்காரு" என்று குமாரி கையை நீட்டினாள். இவள் கொடுக்கவில்லை. "இருக்கட்டும்கா, நான் எடுத்துகினு வரேன்" என்று நடந்துவிட்டாள். குமாரி என்னைப் பார்த்தாள், நான் காலண்டரைப் பார்த்தேன்.

உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை. நானும் எழுந்து போனேன். ஷீட் தலையில் இடிக்கிற உயரத்தில் இறங்கியிருந்தது. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் பாய். பாயில் குமாரியின் கணவன் மார்பில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, வாய் திறந்து, தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் கிடந்தான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவனுக்கு அதுதான் ராத்திரி. நம் பாடத்தில் தூக்க நேரத்துச் சூடு என்று ராத்திரி அளவைத்தான் எடுக்கச் சொல்கிறோம், கவனித்தாயா? பக்கத்தில் தூளியில் குழந்தை. அந்த வெக்கை ஷீட்டில் இருந்து அப்படியே நெற்றிமேல் இறங்கியது. தேன்மொழி டம்ளரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள், முதுகு முழுக்க நனைந்திருந்தது.

வெளியே வந்ததும் சொன்னாள். "இவ்ளோ நாளா நான் வாசப்படியத்தான் அளந்துகினு இருந்துருக்கேன் மேடம்."

அன்று சாயங்காலம் பிரதீப்பையும் விசாரித்தேன். அவன் யாரையும் கேட்கவில்லையாம். சுத்தியலோடு உள்ளே போய், ஆணி அடிக்க வசதியாக இருந்த கட்டையில் அடித்திருக்கிறான். பாதி வீடுகளில் அது அடுப்புக்கு நேர் மேலே. சாம்பார் கொதிப்பதை எல்லாம் வெயில் கணக்கில் சேர்த்திருக்கிறான். ஒருத்தி மரியாதையால் கெடுத்தாள், ஒருத்தன் மரியாதை இல்லாமல் கெடுத்தான். நீ இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருப்பாய். நான் திட்டினேன். பிறகு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு பேரும் இரண்டு வரிசைக்கும் சேர்ந்தே போய், முதலில் இருந்து மாட்டினார்கள். இந்தத் தடவை ஒரே கேள்வி. இந்த வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள், எந்த நேரத்தில்? படுக்கிற தலைமாட்டில் பெட்டி. குமாரி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "இம்மா வெல பொருள இந்தப் பொகையிலயா மாட்டுவாங்க? எவனாவது பாத்தா எங்கள இன்னா நெனைப்பான்?" என்று வாதாடினாள். தேன்மொழி குமாரி மடியில் இருந்த குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டாள். பிரதீப் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய் ஆணி அடித்தான்.

குழு முன்னால் தேன்மொழிதான் பேசினாள். முதல் அளவையும் இரண்டாவது அளவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டி, முதலாவது ஏன் தப்பு என்று தலை நிமிர்ந்து சொன்னாள். குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஷீட் வரிசைக்கு எழுதினார்கள். போன வாரம் வெள்ளைப் பூச்சு முடிந்துவிட்டது. குமாரியின் கணவன் பகலில் கொஞ்சம் அசந்து தூங்குகிறான் என்று கேள்வி. கொஞ்சம்தான்.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். முடிக்க முடியாததால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

கூரை முடிவான மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் பழவேற்காடு பஸ் ஏறினேன். உன் உம்மா வழக்கம்போல ஹாலில் அந்த நாற்காலியைப் போட்டார்கள். ஃபேனை என் பக்கம் திருப்பினார்கள். ஏரிக் காற்றும் வந்தது. போன கோடை முழுக்க நான் வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்த இடம். எதிரே திவானில் நீ தலைவாரி, புடவை மாற்றி, தயாராக உட்கார்ந்திருப்பாய். கிட்னி போய்விட்டது என்று டாக்டரான உனக்கே உன் டாக்டர்கள் சொல்லிவிட்ட பிறகும், எப்படி இருக்கே என்று கேட்டால் "எனக்கின்னா, ஜம்முனு இருக்கேன்" என்பாய். வீட்டுக்குப் போய் நானும் எல்லோரிடமும் சொல்வேன், சபியா நன்றாக இருக்கிறாள், நல்ல காற்றோட்டமான வீடு என்று.

டீ குடித்தேன். ஃபரீதா கையை நீட்டினாள். என்ன தோன்றியதோ, நான் டம்ளரைக் கொடுக்கவில்லை. "இரு கண்ணு" என்று எழுந்து நானே உள்ளே நடந்தேன். அடுப்படியில் யாரும் இல்லை. அதைத் தாண்டி, கொல்லைப் பக்கம் ஷீட் போட்டு இறக்கிய ஒரு சின்ன அறை. ஒரு கட்டில். மேற்குப் பார்த்த சுவரில் கையை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன்.

உன் உம்மா பின்னால் வந்து நின்றார்கள். "இங்கதான் இருந்தா. பாத்ரூம் பக்கத்துல வேணும், புள்ள தூக்கம் கெடக் கூடாதுன்னு சொல்லிட்டா. நீ வரேன்னு போன் வந்தா போதும், உம்மா, என்ன ஹாலுக்குக் கூட்டிகினு போங்கன்னு பேஜாரு பண்ணுவா. எஸ்தர் உள்ள வந்தா அளக்க ஆரம்பிச்சுடுவான்னு சிரிப்பா. நீ போன பொறவு திரும்ப கூட்டியாந்து படுக்க வெப்போம்."

நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். வியர்வை முதுகில் இறங்கியது. அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. உன் ஜனாஸாவைத் தூக்கிப் போனபோது அழாதவள் அங்கே அழுதேன். டம்ளர் கையிலேயே இருந்தது.

ஊரில் இருக்கிற பிள்ளைகளை எல்லாம் உள்ளே போய் நில்லுங்கள் என்று அனுப்பினாய். என்னை மட்டும் ஃபேனுக்கு எதிரே உட்கார வைத்தாய். அன்றைக்கு ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நான் பேசியதற்காகவா? இல்லை, எனக்கு நீ தந்த சலுகையா? வீட்டுக்கு வந்தவளாகவே என்னை வைத்துவிட்டாயே, சபியா. உனக்கு நான் விருந்தாளியா?

கோபமாகத்தான் இருக்கிறேன். நீ இருந்தால் பொன்னேரியில் பேசாமல் இறங்கும் முறை என்னுடையது.

ஷீட் வரிசைக்கு வாங்கிய பூச்சில் டப்பா மிஞ்சவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். கடையில் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கொல்லை அறையில் இப்போது உன் உம்மா படுக்கிறார்கள், சொன்னால் கேட்பதில்லை. அடுத்த கோடைக்குள் அந்த ஷீட்டுக்கு வெள்ளை அடித்து, மேற்குச் சுவருக்கு ஓலைத்தட்டி கட்டிவிடுவேன். தேன்மொழியும் பிரதீப்பும் வருகிறேன் என்றிருக்கிறார்கள். அடுத்த பேட்ச்சுக்குத் தேன்மொழிதான் டம்ளர் பாடம் எடுக்கப்போகிறாள். இனி உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் டீயை அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, உம்மாவின் பக்கத்தில்தான் குடிப்பேன். குடித்த டம்ளரை நானே கழுவி வைப்பேன். அது என் வீடு.

உன் ஃபரீதாவுக்குப் பெரியம்மா,
எஸ்தர்